தண்ணீரில் பார்க்கச் சொன்னவர்

கண்ணு,

இந்தக் காகிதங்களைச் சுருட்டி, பட்டறையில் இருக்கும் கைப்பம்பின் பிடியில் கட்டி வைக்கிறேன். நீ தினமும் சாப்பாட்டுப் பையை மாட்டுகிற இடம் அதுதான். தொட்டிக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றிச் சோதிப்பதற்காக வாங்கிய பம்பு அது. இப்போது அதில் உன் தயிர்சாதம் தொங்குகிறது. போன செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நான் பெரியநாயக்கன்பாளையம் பட்டறைக்கு வந்தேனே, அன்றைக்குத்தான் இதைப் பார்த்தேன். கம்ப்ரசரிலிருந்து ஓஸ் மாட்டி, புதுக் காற்றுத் தொட்டிக்குள் காற்றையே ஏற்றிக்கொண்டிருந்தாய். அழுத்தமானியின் முள் பன்னிரண்டு கிலோவில் நின்றது. நீ பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, வெல்டிங் ஓரமாகத் தடவிக்கொண்டிருந்தாய். உன் முகத்துக்கும் தொட்டி மூடிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. நான் கத்தினேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். "நம்ம வெல்டிங்குங்கப்பா. மாமன் வச்ச வெல்டிங்கா என்ன, பிச்சுக்கறதுக்கு?" என்றாய்.

அன்று சாயங்காலமே உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாள் அச்சகத்திலிருந்து வந்தது. தாய்மாமன் என்று போட்டு, கீழே உங்கம்மாவின் அண்ணன் வேலுச்சாமி பெயர் இருந்தது. நான்தான் போடச் சொல்லியிருந்தேன். நீ சிவப்புப் பேனாவை எடுத்து, காகிதம் கிழிகிற அளவுக்கு அதன் மேல் கோடு போட்டாய். "அந்தாளு மேடையேறுனா நான் எறங்கீருவேன். அப்பறம் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். தாய்மாமன் சீர் இல்லாமல் நம் பக்கத்தில் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது? பெண் வீட்டார் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று உங்கம்மா என்னைப் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பையும் அந்தச் சிவப்புக் கோட்டையும் ஒரே நாளில் பார்த்ததால்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நான் கத்துவேன், நீ அதைவிடச் சத்தமாகக் கத்துவாய், உங்கம்மா நடுவில் வந்து நின்று அழுவாள், பேச்சு அதோடு முடிந்துவிடும். இதை மூன்று பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்று உன் மாமனுக்கு. இன்னொன்றைப் பட்டறைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். வேலைக்கு வருகிற எல்லாரும் படிக்கட்டும். பொய்யை ஊருக்கே சொன்னவன் உண்மையை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொன்னால் அது நியாயமில்லை.

என் வலது கால் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மாமன் வைத்த வெல்டிங் சரியில்லை, தொட்டி வெடித்தது, அப்பாவின் கால் போனது. பன்னிரண்டு வருடமாக இதைத்தான் கேட்டு வளர்ந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் இதை முதலில் சொன்னது நான்தான். "வெல்டு உட்டுப்போச்சு" என்று இரண்டே வார்த்தை. மிச்சத்தை அவர்களே பேசிக்கொண்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். சித்திரை மாதம். ஆழ்துளைக் கிணறு வறண்டு, பட்டறையில் குடிக்கிற தண்ணீர்கூடக் கேன் வாங்கித்தான். ஒரு மில்லுக்கு ஐந்நூறு லிட்டர் காற்றுத் தொட்டி அனுப்ப வேண்டும், லாரி மதியம் வருகிறது. உன் மாமன் அப்போது நம் பட்டறையில்தான் வெல்டர். அவர் கை வைத்த தொட்டி ஒன்றுகூட அதற்கு முன்னால் திரும்பி வந்ததில்லை. மூடியைப் பொருத்துகிற நேரத்தில், "மாப்ள, உள்பக்கமுமு ஒருக்கா வெல்டு வச்சுப்போடறனுங்க. ஒரு மணி நேரம் குடுங்க" என்றார். நான் கொடுக்கவில்லை. வெளிப்பக்கம் வைத்தது போதும், மூடு என்றேன். மூடினார். அடுத்தது சோதனை. தண்ணீர் லாரிக்குச் சொல்லியிருந்தோம், வரவில்லை. நான் கம்ப்ரசர் ஓஸை எடுத்து மாட்டினேன். அவர் வந்து ஓஸைப் பிடித்துக்கொண்டார்.

"காத்து வேண்டாமுங்க மாப்ள. நாளைக்குத் தண்ணி வந்துருமுங்க. பொறவு பாக்கலாம்."

"மில்லு லாரிக்காரங்கிட்ட நீ வந்து சொல்றியா? பயமா இருந்தா வெளிய போய் நில்லு."

"எனக்குப் பயந்தானுங்க. நீங்களுமு வெளிய வாங்க."

ஏழு பேர் வேலை செய்கிற பட்டறையில், என்னைவிட மூத்தவரை, என் மனைவியின் அண்ணனை, நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். லேத்து மேல் போய் விழுந்தார். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிறகு வால்வைத் திறந்தது நான். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். மூடியின் ஓரத்தில் நுரையில் ஒரு குமிழி மெதுவாகப் பெருத்தது. கசிவைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். "இங்க பாரு" என்று அவரைக் கூப்பிட எழுந்து ஒரு எட்டு நகர்ந்தேன். அந்த ஒரு எட்டால்தான் தலை தப்பித்துக் கால் போனது.

சத்தம் எனக்கு ஞாபகமே இல்லை. நான் விழுந்து கிடக்கிறேன், மேலே கூரையில் பெரிய ஓட்டை, வானம் தெரிகிறது. ஓர் ஆள் கனமுள்ள இரும்பு மூடி என் முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒடித்து, சதையைப் பிய்த்து, அப்படியே கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு பக்கத்துப் பட்டறையில் நின்ற பைக்கின் மேல் விழுந்திருக்கிறது. தொட்டி எதிர்ப்பக்கம் பாய்ந்து சுவரை இடித்துக்கொண்டு போயிருந்தது. என் செருப்புக் கால் கொஞ்ச தூரத்தில் தனியாகக் கிடந்தது. பட்டறை முழுக்க வெள்ளையாக இருந்தது. தீப்பிடித்துவிட்டது, புகை என்று நினைத்தேன். புகையில்லை கண்ணு, அது பனி. வெளியே கொளுத்துகிற சித்திரை வெயில், உள்ளே மூடுபனி. என் முகத்தில் ஜில்லென்று பட்டது.

அந்தப் பனிக்குள்ளிருந்துதான் உன் மாமன் வந்தார். இரண்டு காதிலும் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. வேட்டியைக் கிழித்து என் தொடையில் கட்டி, உள்ளே ஒரு ஸ்பேனரைச் சொருகி முறுக்கினார். நான் வலியில் அவர் தோளைக் கடித்தேன், பல் பதிந்தது. ஆட்டோவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ண மூடாதீங்க மாப்ள. என்னையத் திட்டுங்க. திட்டீட்டே வாங்க" என்றார். திட்டினேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். அதனால்தான் உயிரோடு இருக்கிறேன். உயிர் வந்த பிறகும் நான் நிறுத்தவில்லை, அதுதான் என் குற்றம்.

அப்போது நீ பதினோராம் வகுப்பு. கட்டிலில் கிடந்த மாதங்களில் படிக்க ஒன்றும் இல்லாமல் உன் இயற்பியல் புத்தகத்தை எடுத்தேன். நான் ஐ.டி.ஐ. முடித்தவன், இரும்பு தெரியும், காற்று தெரியாது. வாயுக்களைப் பற்றிய பாடத்தில் வெப்ப இயக்கவியலின் முதல் விதி இருந்தது. வாயுவுக்கு நாம் கொடுக்கிற வெப்பம் இரண்டு வழியில்தான் போகும். ஒன்று அதன் உள்ளேயே அக ஆற்றலாகத் தங்கும், இல்லையென்றால் வெளியே எதையாவது தள்ளி வேலை செய்யும். மூன்றாவதாக ஓடி ஒளிய இடமில்லை. மூடிய தொட்டியை வெயிலில் வைத்தால் முள் ஏறுமே, அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தொட்டி பெரிதாகாது, பருமன் மாறாது, அதனால் வேலை எதுவும் நடக்காது. வாங்கிய வெப்பம் மொத்தமும் உள்ளேயே அடைந்து கிடக்கும். காற்று மெதுவாக விரிந்தால் வெளியிலிருந்து வெப்பத்தை வாங்கி வாங்கித் தன் வெப்பநிலை மாறாமல் வேலை செய்யும். கணக்குப் பார்த்தால் அப்படிச் செய்கிற வேலைதான் அதிகம், ஆனால் நிதானமாகச் செய்வதால் யாருக்கும் அடிபடாது. சட்டென்று விரிந்தால் வெப்பம் வாங்க நேரம் கிடையாது. தன் அக ஆற்றலையே எடுத்து வேலை செய்துவிட்டுக் குளிர்ந்துபோகும். வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. அதற்குப் பக்கத்தில் பென்சிலால் நீ எழுதியிருந்தாய்: 'முக்கியம், ஐந்து மார்க்.'

அந்த வரியைப் படித்துவிட்டுப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். நான் பார்த்த பனி அதுதான். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அங்கே உன் கை வேலை செய்கிறது, காற்று சூடாகிறது. பட்டறையில் அன்றைக்குக் காற்று வேலை செய்தது, அதனால் குளிர்ந்தது. அது செய்த வேலை என் கால். ஐந்நூறு லிட்டர் தொட்டிக்குள் பதினைந்து தொட்டிக் காற்றைத் திணித்து வைத்தவன் நான். அதே தொட்டியில் தண்ணீரை நிரப்பி அதே பதினைந்து கிலோவுக்கு ஏற்ற, மேற்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீரைத் தள்ளினால் போதும். தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது, அதனால் ஆற்றலையும் அவ்வளவாகச் சேர்த்து வைத்துக்கொள்ளாது. வெல்டு விட்டிருந்தால் ஒரு கீற்றுத் தண்ணீர் பீய்ச்சி என் வேட்டி நனைந்திருக்கும். முள் சரசரவென்று இறங்கியிருக்கும். உன் மாமன் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி வைத்திருப்பார். நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்திருப்போம்.

ஆமாம், வெல்டில் குறை இருந்தது. உள்பக்கம் வைக்க விடாத குறை, அதுவும் என்னுடையது. வெல்டு என்றால் விடும், எவ்வளவு பெரிய கைகாரன் வைத்தாலும் என்றைக்காவது ஒன்று விடும். அதைக் கண்டுபிடிக்கத்தானே சோதனையே. உன் சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் இதை எழுத உட்கார்ந்தது ஏன் என்று இப்போது தெரிகிறதா? நல்ல வெல்டாக இருந்தால் காற்றில் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது என்று நீ நம்புகிறாய். பி.இ. மெக்கானிக்கல் படித்தவன், அந்த விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய். இருந்தும் நம்புகிறாய், ஏனென்றால் உன் அப்பன் பன்னிரண்டு வருடமாக உனக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான். என் பொய் உன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பன்னிரண்டு கிலோவில் நிற்பதைச் செவ்வாய்க்கிழமை பார்த்தேன்.

புத்தகத்தைப் படித்த அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவம் என்றார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. என் முட்டாள்தனத்தால் போன கால் என்று சொல்வதைவிட, பிறத்தியான் கெடுத்த கால் என்று சொல்வது எளிதாக இருந்தது. உன் மாமனுக்குத் தொட்டி வேலை கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. சோமனூருக்குப் போய்த் தறிகளின் உடைந்த பாகங்களை ஒட்டிக் கொடுத்துப் பிழைக்கிறார். உங்கம்மா கூடப்பிறந்தவரோடு பேச்சை நிறுத்தினாள். எனக்காகத்தான் நிறுத்தினாள், நான் தடுக்கவில்லை.

இனி கொடுமுடி. நீ மறந்திருக்க மாட்டாய். ஆடிப்பெருக்கு, மொத்தச் சொந்தமும் காவிரிக் கரையில். ஈரப் படிக்கட்டில் என் கட்டைக்கால் வழுக்கியது. தூரமாக நின்றிருந்த உன் மாமன் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்தார். நீ மேல்படியிலிருந்து பார்த்தாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஆளின் கை அப்பாவின் மேல் இருக்கிறது என்பதுதான். இறங்கி வந்து கன்னத்தில் விட்டாய் ஓர் அறை. "எங்கப்பன் கால எடுத்தது பத்தாதா?" என்று கேட்டு இன்னொன்று. அவர் படியில் உருண்டு தண்ணீருக்குள் விழுந்தார். எழுந்து, நெற்றியில் வழிந்த ரத்தத்தை ஆற்றுத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார். நான் அங்கேயே நின்றேன். நிறுத்துடா என்கிற ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. நாற்பது பேர் பார்க்கிறார்களே என்று அதை விழுங்கினேன். கை உன்னுடையது, அடித்தவன் நான்.

புதன்கிழமை உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, கையில் இருந்த மத்தாலேயே என் தோளில் அடித்தாள். நிறுத்தாமல் அடித்தாள். "என்ற அண்ணன வாசப்படி மிதிக்க உடாம வச்சிருந்தனே! ஏனுங், என்னைய ஏனுங் இப்புடிப் பண்ணுனீங்க?" என்று கேட்டாள். நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தோள் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, நீ கேட்டபோது வழுக்கி விழுந்தேன் என்று சொன்னதும் பொய்.

வியாழக்கிழமை பஸ் ஏறிச் சோமனூர் போனேன். உன் மாமனுக்கு இடது காது தொட்டி வெடித்த அன்றோடு போய்விட்டது, அதனால் வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். சுற்றிலும் தறிச் சத்தம். பாதியில் நிறுத்தி, கேட்கிறதா என்றேன்.

"கேக்குதுங்க மாப்ள. இதுல எனக்குத் தெரியாதது என்னங்க இருக்குது? நான் அங்க தான நின்னுட்டிருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மச்சான்."

"ஒத்தக் காலோட படுத்திருக்கற மனுசங்கிட்டப் போயி நாயம் பேசறதுங்களா? பொறவு வருசம் ஓடிப்போச்சு."

"கொடுமுடில பையன் அடிச்சானே..."

அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. "அப்பன் மேல உசுரா இருக்கறான், அடிச்சுப்போட்டான். அது அன்னைக்கே போயிருச்சுங்க. நீங்க பாத்துட்டு நின்னீங்க பாருங்க, அதுதான் இன்னுமு போக மாட்டேங்குது."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். கல்யாணத்துக்கு வாங்க, மேடையில் நில்லுங்க என்று கேட்டேன். அவர், "பையன் இப்பத் தொட்டிய எதுலங்க பாக்கறான்?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணு, அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் தள்ளியபோது இல்லை, நீ அறைந்தபோது இல்லை. அன்று எழுந்து, பக்கத்தில் கிடந்த இரும்புப் பட்டையை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தார். "கால் போயுமு உங்களுக்குப் புத்தி வல்லீங்களா? பையனக் காவு குடுத்துப்போட்டு ஆருக்குங்க கல்யாணம் பண்ணப் போறீங்க?" என்று கத்தினார். பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு சொன்னார்: "என்ற பேரப் போட்டாலுஞ் செரி, அடிச்சாலுஞ் செரி. அவன் என்ற காலுல உழுக வேண்டாம். தண்ணில பாக்கறான்னு சேதி வரட்டும், அன்னைக்கே பொறப்பட்டு வாரேன். அதுவரைக்குமு மாலை எடுத்துக் குடுக்க எனக்குத் தெம்பில்லீங்க."

இவ்வளவுதான். நீ இதைப் படிக்கிற நேரத்தில் நான் பட்டறைக்கு உள்ளேதான் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நீ முகத்தை வைத்திருந்தாயே, அந்தத் தொட்டி மூடிக்கு எதிரே ஒரு சாண் விட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காற்றில்தான் பார்ப்பேன் என்றால் உள்ளே இருக்கிற தண்ணீரைத் திறந்துவிட்டு ஓஸை மாட்டு. நான் எழுந்திருக்க மாட்டேன். அன்றைக்கு நான் உன் மாமனைத் தள்ளிவிட்டு வால்வைத் திறந்தேன், நீ என்னைத் தள்ளிவிட்டுத் திற.

இல்லையென்றால், தொட்டியில் தண்ணீர் நிரப்பித்தான் வைத்திருக்கிறேன். பம்புக்கு எண்ணெய் போட்டாயிற்று, துருவையும் தேய்த்தாயிற்று. சாப்பாட்டுப் பையை வேறெங்காவது மாட்டிவிட்டுப் பிடியை அடி, முள்ளைப் பார்த்து நான் சொல்கிறேன். பதினைந்து ஏறி நின்றதும் உன் மாமனுக்கு நீயே போன் போடு. வலது காதில் வைத்துத்தான் கேட்பார், கொஞ்சம் சத்தமாகப் பேசு.

அப்பா